சொர்ணம் டீச்சர் கல்லின் கீழ்ப்பாதி

இசக்கி, வேணி, இதைப் படிக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் என்ன முகம் வைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வேணி கண்ணை உருட்டுவாள், இசக்கி சிரிப்பான். சிரித்துவிட்டுப் படியுங்கள். நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன். பேட்டையில் கல்லறைக்கல் வெட்டுகிறவன் பேய் பிசாசு என்று பயந்தால் பிழைப்பு நடக்குமா? செத்தவர்கள் பெயரை வெட்டி வெட்டித்தான் உங்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினேன். மத்தியானம் அந்தக் கல் மேலேயே தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டு, அந்தக் கல் மேலேயே துண்டை விரித்துப் படுத்திருக்கிறேன், ஒரு நாள்கூட ஒரு கெட்ட கனவு வந்தது கிடையாது. உங்கள் அம்மை இருட்டுக்கு முன்னால் வீட்டுக்கு வாருங்கள் என்று திருநீறு மடித்துக் கொடுக்கும்போதெல்லாம் கேலி செய்தவன் நான். சாமி உண்டு, கும்பிடுவேன், மற்றதெல்லாம் மனுசன் மனசு பண்ணுகிற வேலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அதனால்தான் இதை வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் தடுமாறிவிடுவேன்.

சாமுவேல் ஐயரை உங்களுக்கு நினைவு இருக்காது. நம் பக்கத்தில் சர்ச்சில் இருக்கிற குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், அது உங்களுக்கே தெரியும். ஒல்லியான மனுசன், வெள்ளை அங்கி போட்டால் கொடியில் காயப்போட்ட மாதிரி இருக்கும். அவர் கவிதை எழுதுவார். புத்தகமாக ஒன்றும் போட்டதில்லை. தெற்கே ராதாபுரம் பக்கம் பனங்காட்டு ஊர்களில் ஊழியம் செய்தவர், அந்த ஊர்களில் யார் இறந்தாலும் கல்லில் வெட்ட நாலு வரி எழுதிக் கொடுப்பார். கிறிஸ்தவர், இந்து என்று பார்க்கமாட்டார். எழுதுவதற்கு முன்னால் எங்கள் கடைக்குப் போன் போட்டு, கல் எத்தனை அடி அகலம் என்று கேட்டுக்கொள்வார். அந்த அகலத்துக்குத்தான் எழுதுவார். மற்றவர்கள் எழுதிக் கொண்டுவருவதை வெட்டும்போது கடைசி வரியில் எழுத்தைக் குறுக்கி நெருக்கிக் கஷ்டப்படுவோம். ஐயர் பாட்டு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்காரும்.

ஒரு பஸ் கண்டக்டர் கல்லுக்கு அவர் எழுதினது இன்னும் எனக்கு மனப்பாடம். 'எல்லோர்க்கும் சீட்டுக் கொடுத்த கை, இன்று தன் சீட்டை நீட்டி நிற்கிறது' என்று எழுதியிருந்தார். அந்தக் கண்டக்டருடைய மகன் வாசித்துவிட்டு எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து அழுதான்.

அவருடைய சம்சாரம் சொர்ணம் டீச்சர். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர்கள். ஆற்றில் குளித்து, ஆற்றில் நீந்தி வளர்ந்த பிள்ளை, ஐயரைக் கட்டின நாளிலிருந்து வறண்ட ஊர்களாகவே சுற்றினார்கள். ஐயர்களுக்கு சில வருசத்துக்கு ஒருமுறை மாறுதல் வரும், எந்த ஊர் என்று அவர்கள் கேட்க முடியாது. போன ஊரெல்லாம் உப்புத் தண்ணி. திருநெல்வேலியிலிருந்து யார் வந்தாலும் டீச்சர் ஒரு கேனில் ஆற்றுத் தண்ணி கொண்டுவரச் சொல்வார்களாம், காப்பி போடுவதற்கு. கல் இறக்கப் போகும்போது நானே கொண்டுபோயிருக்கிறேன். கேனை வாங்கினதும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். பூவை முகர்வது மாதிரி. அதை நான் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் அந்தப் பனங்காட்டு ஊரில்தான் இறந்தார்கள், அங்கேயேதான் அடக்கம். அதற்கப்புறம் சில மாதத்திலேயே ஐயருக்கு மாறுதல் வந்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? தாமிரபரணிக் கரையில். ஐயர் குடியிருக்கக் கொடுத்த வீடு, குருமனை என்பார்கள், அதன் பின்வாசலைத் திறந்தால் ஆறு. நான் ஒருமுறை போயிருக்கிறேன். ஐயர் அந்தப் பின்கதவைத் திறப்பதே இல்லை, அலமாரியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. முழு வாசகமும் கைக்கு வராமல் உளி வைக்கக்கூடாது. ஐயர் தன் சம்சாரத்துக்கு எழுதிக் கொண்டுவந்தது இரண்டே வரி.

ஆற்றங் கரைமகளை அனல்மணலில் விட்டுவந்தேன்;
காற்றே, நீ கேட்டுவா, கண்ணயர்ந்தாளோ என்று.

மிச்சம் இரண்டு வரி வரும், முதலில் இதை வெட்டு, வெட்டிவிட்டால் மாற்ற முடியாது, அப்போது மற்றது தானாக வந்துதானே ஆகணும் என்றார். ஊருக்கெல்லாம் நின்ற நிலையில் நாலு வரி எழுதுகிறவர் சொல்கிறாரே என்று நானும் டீச்சர் பெயரையும் அந்த இரண்டு வரியையும் மேல்பாதியில் வெட்டிவிட்டேன். கீழ்ப்பாதியை நானே என் கையால் கண்ணாடி மாதிரிப் பாலீஷ் போட்டு வைத்தேன். அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு கீறல் கிடையாது.

வரி வரவில்லை. ஒரு ஈஸ்டர் போனது, அடுத்த ஈஸ்டரும் போனது. ஈஸ்டர் அன்று விடிவதற்கு முன்னால் அந்த ஊர்களில் சனங்கள் பாட்டுப் படித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு கல்லிலும் மெழுகுவத்தி வைப்பார்கள். ஒவ்வொரு வருசமும் ஐயர் தன் வேலையை முடித்துவிட்டு அங்கே போய், கல் இல்லாத மணல்மேட்டில் வத்தியைக் குத்தி வைத்துவிட்டு வருவார். அந்தத் தோட்டத்தில் பாதிக் கல் அவர் எழுதின கல், அவர் வீட்டுக்காரிக்கு மட்டும் இல்லை. ஊரில் கேட்கமாட்டார்களா? கேட்டார்கள்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை டவுன் பஸ்ஸில் பேட்டைக்கு வந்து, முற்றத்தில் கட்டை மேல் படுத்திருக்கும் அந்தக் கல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். முணுமுணுப்பார், விரலால் எழுத்து எண்ணுவார், தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒருநாள் அவரே சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எழுதினது எதுவும் அவர் தனியாக எழுதினது இல்லையாம். முதல் பாதியைச் சொல்லிக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் போய் நிற்பாராம், டீச்சர் தோசையைத் திருப்பிக்கொண்டே, அது சரியில்லை, இப்படிப் போடுங்க என்று மிச்சத்தைச் சொல்வார்களாம், சில நேரம் தாளில் எழுதியும் கொடுப்பார்களாம். வெளியே பெயர் ஐயர் பெயர்.

"நீ எட்டாப்பு, நான் குருத்துவம் படிச்சவன். ரெண்டு பேரும் இங்கன உக்காந்து ரெண்டு வரிக்கு வழியத்துப் போனோமே சங்கரா" என்பார்.

எங்கள் முதலாளி கணபதி அண்ணாச்சிக்கு அந்தக் கல்லைக் கண்டாலே எரிச்சல். வண்டி திருப்புகிற இடத்தில் கிடக்கிறது. "இந்தக் கல்லு நம்ம கடைக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்துட்டுலே, போவவே மாட்டேங்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஐயருக்குக் கேட்கட்டும் என்றே சொல்வார். ஐயர் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு டீ சொல்லுங்க அண்ணாச்சி என்பார்.

அப்புறம் அவருக்கு ஓய்வு பெறுகிற வருசம் வந்தது. ஊழியம் முடிந்தால் குருமனையைக் காலி பண்ண வேண்டும். சொந்த வீடு கிடையாது, அவர்களுக்கு எந்த ஊரும் சொந்த ஊர் கிடையாது. கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகவேண்டும், ஈஸ்டர் முடிந்து அந்த வாரமே. மகன் வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டான். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் ஐயர் கடைக்கு வந்தார், அன்றைக்கு ஸ்டூலில் உட்காரவில்லை. கீழ்ப்பாதியில் வேதத்திலிருந்து ஒரு வசனம் வெட்டிவிடு, சனிக்கிழமைக்குள் கல்லை நட்டுவிடலாம், வெறும் மண்ணில் விட்டுவிட்டுப் போகமுடியாது என்றார். வசனத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நல்ல வசனம்தான். ஆனால் கொடுத்துவிட்டு அவர் போன நடை இருக்கிறதே, தோற்றுப்போனவன் நடை.

எனக்கு மனசே இல்லை. திங்கள் தள்ளினேன், செவ்வாய் தள்ளினேன். புதன்கிழமை மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போகும்போது, நான் வருவதற்குள் உளி வைத்திருக்கவேண்டும் என்று ஏசிவிட்டுப் போனார். நானும் உளியை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கோடை மழை இறங்கியது. சித்திரை வெயிலில் எங்கிருந்து வந்ததோ தெரியாது, பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் உளியைப் போட்டுவிட்டுத் தகரக் கொட்டகைக்குள் ஓடினேன். கொட்டகையில் நின்றுகொண்டு கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் குறையில்லை. கீழ்ப்பாதியில் எழுத்து தெரிந்தது.

கல்லில் ஈரம் பட்டால் அதுவரை தெரியாத குறை எல்லாம் தெரியும், அது தொழிலில் உள்ளதுதான். வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க நாங்களே தண்ணீர் விட்டுப் பார்ப்போம். அதனால் முதலில் பாலீஷ் சக்கரத்தின் தடம் என்றுதான் நினைத்தேன். கிட்டத்தில் போனேன், நனைந்துகொண்டே குனிந்தேன். தடம் இப்படி வரிசையாக, மேலே உள்ள வரிக்கு நேராக, ஒரே அளவாக இருக்குமா? கருப்புக் கல்லில் அதைவிடக் கருப்பாக, தண்ணிக்கு அடியில் கிடக்கிற மாதிரி. விரலை வைத்துத் தடவினேன், வழுவழு என்று இருந்தது, பள்ளமே இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

படித்தேன். இரண்டு வரி. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் படம் பிடித்தேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. இசக்கி, ஒருநாள் நீ அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, 'ஏன்ப்பா வெறும் நனைஞ்ச கல்லைப் படம் எடுத்து வச்சிருக்க' என்று கேட்டாயே, அது இதுதான். படத்தில் மழை இருக்கிறது, கல் இருக்கிறது, மேல்பாதி எழுத்து இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. படத்தில் இல்லை என்று அப்போதே பார்த்துவிட்டேன், அதனால் மறந்துவிடக்கூடாதே என்று ஓடிப்போய்க் கொட்டகைத் தகரக் கதவில் சாக்பீஸால் அந்த இரண்டு வரியையும் எழுதினேன். திரும்பி வந்து சரிபார்க்கிறேன், அப்போது அதற்குக் கீழே இன்னொரு வரி எழும்புகிற மாதிரி இருந்தது. ஒரு கொம்பு, ஒரு சுழி, அவ்வளவுதான். மழை சட்டென்று விட்டது. பேட்டை வெயில் உங்களுக்குத் தெரியாதா? கல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. எல்லாம் போய்விட்டது.

நான் வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி வந்துவிட்டார். தெப்பமாய் நனைந்த என்னையும் கல்லையும் பார்த்தார்.

"ஏலே, கல்லு வளரும்னு தண்ணி ஊத்துதியா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கதவில் எழுதியிருந்ததைப் படித்தார், என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஐயரே வந்து ஆணியால் கீறிவிட்டுப் போயிருப்பார், ஈரத்தில் தெரிந்திருக்கும் என்றார். விரலை வைத்துப் பாருங்கள் என்றேன். தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் உளியைப் பற்றிப் பேசவே இல்லை.

ஐயருக்குப் போன் போட்டேன். என்னவென்று சொல்லவில்லை, ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். ஈஸ்டருக்கு முந்தின பாடு வாரம், அவருக்கு வேலைக்கு மேல் வேலை, இருந்தாலும் சாயங்காலம் வந்தார். நான் கதவைக் காட்டினேன்.

நேற்றும்நீர் வந்துநின்றீர், நெடுவெயிலில் குடையின்றி;
ஊற்றுண்டு என்னருகே, உறங்குவேன், போய்வாரும்.

ஐயர் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு கையால் பின்னால் துழாவினார், நான் ஸ்டூலை இழுத்துக் கொடுத்தேன், உட்கார்ந்தார். அண்ணாச்சி எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரு எழுதினா?"

மழை என்று சொல்லமுடியுமா? நடந்ததை நடந்தபடி சொன்னேன். உனக்குச் செய்யுள் எழுத வருமா என்று கேட்டார். எனக்குப் பலசரக்குச் சிட்டை எழுதவே உங்கள் அம்மை வேண்டும், அது அவருக்குத் தெரியும்.

"நேத்து நான் அங்கன போயிருந்தேன்" என்றார். "ஒருத்தர்ட்டயும் சொல்லல. தலைவலின்னு கோயில்பிள்ளைட்ட சொல்லிட்டு பஸ் ஏறினேன். குடையை பஸ்லயே மறந்து விட்டுட்டேன். உச்சி வெயிலு. அவகிட்ட போய், நான் போவ மாட்டேன், என்னால முடியலன்னு சொல்லிட்டு நின்னேன்."

கோயில்பிள்ளை என்றால் மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆள். அந்த மனுசனிடம்கூடச் சொல்லவில்லை. பனங்காட்டுக்கு நடுவில் மத்தியானத்தில் அந்தத் தோட்டத்துக்கு ஈ காக்கை வராது. எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள்.

நான் வருசக்கணக்கா என் வரியைத் தேடினேன் சங்கரா, அது என் வரியே இல்லை, அதனால்தான் வரவில்லை என்று அவர் சொன்னார். முதல் பாதியை நான் சொன்னேன், மிச்சத்தை அவள் சொல்லுகிறாள், எப்போதும் உள்ள வழக்கம்தானே என்றார். அதைச் சொல்லும்போது அழவில்லை. அதற்கப்புறம் அந்தக் கடைசிச் சொல்லைத் தகரத்தில் விரலால் தொட்டார், சாக்பீஸ் அழியாமல், பைய.

"போம்னு சொல்லல பாத்தியா. போய்வாரும்னு சொல்லியிருக்கா."

அப்போது அழுதார். அண்ணாச்சி உள்ளே போய் யாருக்கோ போன் பேசுகிற மாதிரி நின்றுகொண்டார். போன் அவர் மேசையிலேயே கிடந்தது.

கீழே இன்னொரு வரி இருந்தது, அதைப் படிக்க முடியவில்லை என்பதையும் ஐயரிடம் சொல்லிவிட்டேன். ஒளிக்கவில்லை. அவர் மேலே பார்த்தார், வானம் வெளிறிக் கிடந்தது. எனக்கு உள்ளது எனக்கு வந்துவிட்டது, அதை விடு என்றார். ஆனால் விட்டவர் முகம் அது இல்லை.

அன்று இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை, விடிந்ததும் உளி வைத்தேன். எங்கே தெரிந்ததோ அங்கேயே, அதே அளவில். வெட்ட வெட்டக் கல் வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுத்தது என்று சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை, வழக்கம்போல மணிக்கட்டு வலிக்கத்தான் வெட்டினேன். சனிக்கிழமை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நட்டோம். அண்ணாச்சியும் கூட வந்தார், அவர் கல் நட எங்கேயும் வருகிற ஆள் இல்லை. ஞாயிறு விடியும் முன்னால் சனங்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். ஐயர் கல்லுக்கு முன்னால் நின்று நாலு வரியையும் சத்தமாகப் படித்தார், இரண்டு ஆள் பேசுவது மாதிரிப் படித்தார். பிந்தின இரண்டு வரியை எப்ப எழுதினீங்க ஐயரே என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, நான் எழுதல, வீட்டுக்காரி எழுதினது என்று உண்மையைத்தான் சொன்னார். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ. அந்த வாரமே கோயம்புத்தூர் போய்விட்டார். குருமனையைக் காலி பண்ண நானும் ஒரு கை கொடுத்தேன். அலமாரியை நகர்த்தினபோது பின்கதவைத் திறந்து, வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நானே நாளடைவில் ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன். முடியவில்லை.

டிவியில் தென் மாவட்டத்தில் மழை என்று சொன்னால் போதும், ஐயரிடமிருந்து போன் வரும். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில், ராதாபுரம் பக்கம் மழை உண்டா என்பார். இங்கே பேட்டையில்தான், அங்கே சொட்டுக்கூட இல்லை ஐயரே என்பேன். சரி என்று வைத்துவிடுவார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மழையில் பாதி எழும்பி மறைந்த அந்த வரி. மழை பெய்கிறபோது அங்கே நிற்பதற்கு ஒரு ஆள் இல்லையே என்பதுதான் அவர் கவலை. வந்துவிடலாம் என்றால் முட்டு தேய்ந்து நடமாட்டம் குறைந்துவிட்டது, மகன் விடமாட்டான்.

போன ஐப்பசியில் அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திறப்புவிழாக் கல் இறக்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது கருத்துக்கொண்டு வந்தது. வண்டிக்காரரிடம் ஒரு பத்து நிமிசம் என்று சொல்லிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். நான் கேட்டைத் திறக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. அந்த மண்ணில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. எல்லாக் கல்லிலும் தண்ணீர் வழிகிறது. சொர்ணம் டீச்சர் கல்லிலும் வழிகிறது, நான் வெட்டின எழுத்துக்குள் எல்லாம் தண்ணீர் ஓடுகிறது. நாலாவது வரிக்குக் கீழே பார்த்தேன்.

அங்கே மட்டும் கல் நனையவில்லை.

மேலே மரம் இல்லை, கொப்பு இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் மேலிருந்து இறங்கி வருகிறது, அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. வரி எழும்பவேண்டிய இடம் காய்ந்து, தூசி படிந்து, மழையே பெய்யாத மாதிரி இருக்கிறது. நான் கையை வைத்துப் பார்த்தேன். அந்த மழையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்துவிட்டேன். வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலமே போன் வந்தது. மழை உண்டா என்றார். உண்டு, நான் அங்கேதான் இருந்தேன் என்றேன். பயமுறுத்தக்கூடாதே என்று, கீழே கொஞ்சம் இடம் நனையவில்லை ஐயரே, அதனால் ஒன்றும் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஐயர் சிரித்தார். அத்தனை வருசப் பழக்கத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, சின்னப் பையன் சிரிக்கிற மாதிரி.

"அப்ப அவளுக்கு இன்னும் வரி சரியா அமையல. அமையுத மட்டும் அப்படித்தான், நான் எட்டிப் பாத்தா தாள் மேல உள்ளங்கையை வச்சு மறைச்சிக்கிடுவா."

நான் அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நனையாத அந்த இடம், ஒரு பொம்பளையின் உள்ளங்கை அகலம்தான் இருந்தது.